டோ பச்சை, டயர் மொட்டை: இறக்கிய ஸ்விஃப்டின் அலைன்மென்ட் கணக்கு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. 2014 ஸ்விஃப்ட், 185/65 ஆர்15 டயர். லோயரிங் ஸ்பிரிங் போட்டு நாலு பக்கமும் 40 மி.மீ. இறக்கியிருக்கிறார். ஸ்பிரிங் மாட்டிய மறுநாளே வீல் அலைன்மென்ட் பார்த்தாயிற்று. ஷீட்டில் கேம்பர், அதாவது சக்கரத்தின் தலை உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம், இடது −2.1 டிகிரி, வலது −1.3, இரண்டும் வரம்பு மீறிய சிவப்பு. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, மட்டும் வரம்புக்குள் நிற்கும் பச்சை. "இறக்குன வண்டிக்கு கேம்பர் அப்படித்தான் காட்டும், டோ பச்சை ஆயிடுச்சு, கவலைப்படாதீங்க" என்று அனுப்பிவிட்டார்களாம். 9,000 கி.மீ. ஓடியதும் முன் டயர் இரண்டிலும் உள்பக்கம் கம்பி தெரிகிறது. இடது படுமோசம். இப்போது கேம்பரைத் திருத்தும் கிட் போடச் சொல்கிறார்கள், போடலாமா என்பது கேள்வி.

தம்பி, கிட்டுக்கு இப்போதே அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் டயரைத் தின்றதில் கேம்பருக்குப் பங்கு உண்டு, ஆனால் பெரும் பங்கு டோவுக்குத்தான். பச்சையாக இருந்த டோ எப்படித் தின்றது என்கிறீர்களா? அது பச்சையாக இருந்தது அந்த ஒரு நாள் மட்டும்.

புதுச்சேரியில் மறைமலையடிகள் சாலைப் பக்கம் பல வருஷம் அலைன்மென்ட் மெஷினோடு மல்லுக்கட்டியவன் நான். இறக்கிய வண்டி வந்து நின்றால் ஷீட்டைப் பார்ப்பதற்கு முன்னால் டயரில் கை வைப்பேன். நீங்களும் வைத்துப் பாருங்கள். உள்ளங்கையை டயர் முகத்தின் மேல் வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு ஒரு தடவை இழுங்கள், பிறகு உள்ளிருந்து வெளியே ஒரு தடவை. இரண்டு திசையிலும் ஒரே மாதிரி வழுவழுவென்று இருந்து, உள் ஓரம் மட்டும் சரிவாகத் தேய்ந்திருந்தால் அது கேம்பர். ஒரு திசையில் வழுக்கி, மறு திசையில் பட்டன் (டயர் முகத்து ரப்பர் கட்டை) விளிம்பு ரம்பம் மாதிரி கையைக் கீறினால் அது டோ. உள்ளே போகும்போது வழுக்கினால் டோ-இன் (சக்கரத்தின் முன்பக்கம் உள்ளே திரும்பியது), வெளியே வரும்போது வழுக்கினால் டோ-அவுட் (வெளியே திரும்பியது). உங்களுடையதில் பாதிக்கு மேல் மொட்டையாகிவிட்டதால் நடுப் பட்டன்களில் தடவிப் பாருங்கள். வெளியே வரும்போது வழுக்கும், உள்ளே போகும்போது கீறும் என்பது என் ஊகம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், வண்டியை இறக்கும்போது சக்கரத்தின் பார்வையில் நடப்பது ஒரு பெரிய மேட்டில் ஏறி அங்கேயே நின்றுவிடுவதுதான். பாடி கீழே வருகிறது, சக்கரம் பாடிக்குள் மேலே போகிறது. ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) வைத்த வண்டியில், சக்கரத்தின் அடியைப் பாடியோடு சேர்க்கும் லோயர் ஆர்ம் படுத்த நிலைக்கு வரவர அதன் வெளி முனை வெளியே தள்ளப்படும். சக்கரத்தின் அடி வெளியே, தலை உள்ளே. இதுதான் நெகடிவ் கேம்பர். 40 மி.மீ. இறக்கத்துக்கு அரை டிகிரியிலிருந்து ஒரு டிகிரி வரை கூடுவது வழக்கம். அதே சமயம் ஸ்டியரிங் ரேக்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் டை ராடும் தன் போக்கில் ஒரு வளைவில் மேலே போகிறது. லோயர் ஆர்மின் வளைவும் டை ராடின் வளைவும் ஒன்றுக்கொன்று முழுக்க ஒத்துப்போகாது. அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்பிவிடும். சாலைக்கார்களில் முன் சக்கரம் மேலே ஏறும்போது கொஞ்சம் வெளிப்பக்கம் திரும்பும்படிதான் பெரும்பாலும் வடிவமைப்பார்கள். வளைவில் வண்டி நிதானமாக நடந்துகொள்ள அது உதவும். ஆனால் 40 மி.மீ. மேலேயே குடியேறிவிட்ட சக்கரத்துக்கு அந்தக் கொஞ்சம் நிரந்தரமாகிவிடுகிறது. டோ-அவுட்டும் நெகடிவ் கேம்பரும் இரண்டுமே தின்பது உள் ஓரத்தை. அதனால்தான் ஆளாளுக்கு "கேம்பர், கேம்பர்" என்று பழி போடுகிறார்கள். பாவம், அது பாதிக் குற்றவாளி.

டோ எவ்வளவு கொடுமைக்காரன் என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 15 இஞ்ச் ரிம்மின் விளிம்புக்கு விளிம்பு சுமார் 41 செ.மீ. ஒரு சக்கரத்தில் ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் 3 மி.மீ. வித்தியாசம் என்று வையுங்கள். கண்ணால் பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தச் சக்கரம் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 7 மீட்டருக்குச் சற்று மேல் பக்கவாட்டில் தேய்த்துக்கொண்டே உருள்கிறது. மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய்வர 44 கி.மீ. என்றால் 300 மீட்டருக்கு மேல். டயரை உருளவிடாமல் பிடித்து சில்வர் பீச் ரோட்டில் 300 மீட்டர் குறுக்கே தரதரவென்று இழுத்தால் என்ன ஆகும்? அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்கிறது, அவ்வளவுதான். இதையே கேம்பரோடு ஒப்பிடுங்கள். டோ சரியாக இருந்து கேம்பர் மட்டும் −1.3 என்றால் டயர் உருளத்தான் செய்யும். உள் தோள் கூடுதல் பாரம் தாங்கும், வெளித் தோளைவிடச் சீக்கிரம் தேயும். அவ்வளவே. 9,000 கி.மீ.யில் கம்பி வரை போகாது.

சரி, மறுநாள் பார்த்த அலைன்மென்ட் ஏன் நிற்கவில்லை? புது ஸ்பிரிங் மாட்டியதும் வண்டி தன் இறுதி உயரத்துக்கு உடனே வந்துவிடாது. ஸ்பிரிங்கும் ரப்பர் சீட்டும் படிய 300, 400 கி.மீ.யாவது ஓட வேண்டும். அதற்குள் வண்டி இன்னும் சில மி.மீ. இறங்கும், டோவும் நகரும். இது முதல் காரணம். இரண்டாவது காரணம் பட்டறையில் பலர் செய்யும் தப்பு. லோயர் ஆர்ம் பாடியோடு சேருமிடத்தில் இருக்கும் புஷ் என்பது ரப்பர், அது உருளும் பேரிங் இல்லை. வண்டி லிஃப்டில் சக்கரம் தொங்கும் நிலையில் அந்த போல்ட்டை முறுக்கி இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். வண்டியைக் கொஞ்சம் தூக்கியே வைத்திருக்கும். ஓட ஓட ரப்பர் தளர்ந்தோ கிழிந்தோ போகும், உயரம் மாறும், கூடவே டோவும். ஸ்பிரிங் மாற்றினால் அந்த போல்ட்களை லூஸ் செய்து, சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போது இறுக்க வேண்டும். தாழ்ந்த வண்டிக்கடியில் படுத்து அதைச் செய்வது சிரமம்தான். அதனால்தான் யாரும் செய்வதில்லை.

மூன்றாவது, புஷ் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மெஷின் காட்டுவது நிற்கும் வண்டியின் டோவை மட்டும். பிரேக் மிதித்ததும் ஆர்ம் பின்னால் இழுபடும், சக்கரம் திரும்பும். 12 வருஷ வண்டியில் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் மூன்றையும் கம்பி போட்டு நெம்பிப் பார்க்காமல் மெஷினில் ஏற்றுவது, ஓட்டைக் குடத்துக்கு அளவுக்கோடு போடுவது மாதிரி.

இனி அந்த இடது −2.1. இதைத்தான் நான் உங்கள் ஷீட்டில் முதலில் வட்டம் போட்டிருப்பேன். வலது −1.3 என்பது 40 மி.மீ. இறக்கத்துக்கு நியாயமான எண். அதே ஸ்பிரிங், அதே இறக்கம், இடதில் மட்டும் 0.8 கூடுதல் என்றால் அது லோயரிங் செய்த வேலை இல்லை. அங்கே ஏதோ வளைந்திருக்கிறது அல்லது நகர்ந்திருக்கிறது. இடது சக்கரம்தான் நம் ஊரில் எப்போதும் அடி வாங்கும் சக்கரம்: ரோட்டோரத்து உடைப்பு, மழை முடிந்ததும் வாய் பிளக்கும் குழி, மூடி இறங்கிய மேன்ஹோல் எல்லாம் அந்தப் பக்கம். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டித் தீர்த்த பிறகு இடது ரிம் வளைந்து, லோயர் ஆர்ம் வளைந்து வந்த வண்டிகளை வரிசையில் பார்த்தோம். இறக்கிய வண்டிக்கு ஷாக் அப்சார்பரில் மிச்ச ஓட்டம் குறைவு. குழியில் இறங்கினால் பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் முட்டில் மோதி, அடி நேரே இரும்புக்குப் போகும்.

எது வளைந்தது என்று கண்டுபிடிக்க அதே ஷீட்டில் ஒரு வழி இருக்கிறது, பலர் பார்ப்பதில்லை. கேம்பர், கேஸ்டரோடு (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) கேபிஐ அல்லது எஸ்ஏஐ என்று ஒரு எண் இருக்கும். அந்த அச்சு எவ்வளவு உள்ளே சாய்ந்திருக்கிறது என்பது அது. அதையும் கேம்பரையும் குறியோடு கூட்டுங்கள். உதாரணத்துக்கு 12.5 டிகிரியும் −1.3 டிகிரியும் சேர்ந்தால் 11.2. இரண்டு பக்கத்துக் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நக்கிளும் (சக்கரம் மாட்டியிருக்கும் இரும்புத் துண்டு) ஸ்ட்ரட்டும் நேராக இருக்கின்றன, கீழே ஆர்மோ அதைத் தாங்கும் சப்ஃப்ரேமோ இடம் மாறியிருக்கிறது. கூட்டுத்தொகை வேறுபட்டால் ஸ்ட்ரட் அல்லது நக்கிள் வளைந்திருக்கலாம். அல்லது, ஸ்பிரிங் மாற்றும்போது ஸ்ட்ரட்டையும் நக்கிளையும் சேர்க்கும் இரண்டு போல்ட்களில் ஓட்டை இடைவெளி இருக்குமே, அதில் ஒரு பக்கம் உள்ளே தள்ளி, மறு பக்கம் வெளியே தள்ளி இறுக்கியிருக்கலாம். கடைசியில் சொன்னதுதான் நடந்திருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. போல்ட்டை லூஸ் செய்து சக்கரத்தின் தலையை வெளியே இழுத்துப் பிடித்து இறுக்கினால் செலவில்லாமலே கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

இதெல்லாம் பார்த்த பிறகும் கேம்பர் −1.5ஐத் தாண்டி நின்றால் அப்போது அந்தக் கிட், அதாவது கேம்பர் போல்ட் பற்றி யோசிக்கலாம். ஸ்விஃப்டில் ஸ்ட்ரட் நக்கிளோடு இரண்டு போல்ட்டில் சேருவதால் அது எளிது: மேல் போல்ட்டை எடுத்துவிட்டு, நடுவில் முட்டை வடிவ விளிம்பு கொண்ட போல்ட் போட்டுத் திருப்பினால் கேம்பர் நகரும். போலோ வைத்திருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டு வாங்கிவிட வேண்டாம். அதில் ஸ்ட்ரட் நக்கிளுக்குள் சொருகிக் கவ்வும் வகை, இந்த போல்ட்டுக்கு இடமே இல்லை. இன்னொன்று, இந்த போல்ட்டின் உடல் ஒல்லி. சொன்ன முறுக்கு அளவில் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்காமல் "நல்லா டைட் பண்ணிட்டேண்ணே" என்று கையளவில் விட்டால் முதல் பெரிய குழியிலேயே நழுவிவிடும்.

மெஷினில் ஏற்றும்போது வரிசை முக்கியம். பின் சக்கரத்தை முதலில் பார்க்க வேண்டும். ஸ்விஃப்டின் பின்பக்கம் ஒற்றை பீம், இறக்கினாலும் கேம்பரோ டோவோ பெரிதாக மாறாது, திருப்ப நட்டும் கிடையாது. அங்கே எண் கோணலாக இருந்தால் பீம் அடி வாங்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் முன் கேம்பர், டோ எப்போதும் கடைசி. கேம்பரைத் தொட்டால் டோ தானாக மாறும், நெகடிவைக் குறைத்தால் ஸ்விஃப்ட் மாதிரி ஸ்டியரிங் ரேக் சக்கர அச்சுக்குப் பின்னால் இருக்கும் வண்டியில் டோ-அவுட் பக்கம் ஓடும். டோ வைத்த பிறகு கேம்பர் போல்ட்டைத் திருப்பி, "ரெண்டும் பச்சைதானே" என்று இறக்கிவிட்ட வண்டி ஒன்று என்னிடம் வந்தது, டயர் 4,000 கி.மீ.கூடத் தாங்கவில்லை.

பாரமும் கணக்கு. ஓட்டுநர் இல்லாத வண்டியில் வைத்த டோ, நீங்கள் ஏறி உட்கார்ந்ததும் கொஞ்சம் மாறும், இறக்கிய வண்டியில் இன்னும் அதிகமாக மாறும். நான் செய்வது: 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்றை ஓட்டுநர் சீட்டில் வைத்துவிடுவேன். மணல் மூட்டையும் ஓடும், அரிசி என்றால் சீட் அழுக்காகாது. கடலூர்க்காரர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. முள்ளோடையில் புதுச்சேரி எல்லை தாண்டியதும் பெட்ரோல் விலை குறைவு என்று ஃபுல் டேங்க் அடித்துவிட்டு நேரே அலைன்மென்ட்டுக்கு வருவீர்கள். உங்கள் வண்டியின் 42 லிட்டர் டேங்க் நிறைந்தால் 30 கிலோவுக்கு மேல், அதுவும் பின் சீட்டுக்கடியில். அரை டேங்கில் வாருங்கள், திரும்பும்போது அடித்துக்கொள்ளலாம்.

நான் உங்கள் வண்டிக்கு வைக்கச் சொல்லும் எண்கள் இவை. முன் கேம்பர் −1.0க்கும் −1.5க்கும் நடுவில், இடம் வலம் வித்தியாசம் 0.3க்குள். கேஸ்டர் இருப்பது இருக்கட்டும், இரண்டு பக்கமும் அரை டிகிரிக்கு மேல் விலகாமல் இருந்தால் போதும். மொத்த டோ, அதாவது இரண்டு சக்கரமும் சேர்த்து, பூஜ்யத்திலிருந்து +0.10 டிகிரிக்குள், மைனஸில், அதாவது டோ-அவுட்டில், ஒரு துளியும் வேண்டாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சில மெஷின் டிகிரியைப் புள்ளியில் காட்டும், சில மெஷின் டிகிரி-நிமிடத்தில். 0.30 டிகிரி என்றால் 18 நிமிடம், 0°30' என்றால் அரை டிகிரி. புத்தகத்தில் ஒன்றைப் பார்த்து மெஷினில் மற்றதை வைத்த ஆட்களை எனக்குத் தெரியும். ஷீட்டை வாங்கும்போது எந்த அலகு என்று கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. பச்சையை நம்பாதீர்கள். தொழிற்சாலை கொடுக்கும் வரம்பு தொழிற்சாலை உயரத்துக்கானது. அந்த வரம்பின் மைனஸ் ஓரத்தில் நின்றாலும் பச்சைதான். கம்பெனி உயரத்தில் அது டயரை மெதுவாகத் தின்னும், உங்கள் கேம்பரோடு சேர்ந்தால் வேகமாகத் தின்னும்.

வீட்டிலேயே சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன், மெஷின் வருவதற்கு முன்னால் எல்லோரும் இப்படித்தான் செய்தார்கள். கடலூர் முதுநகரில் துறைமுகத்துப் பக்கம் மீன்பிடிச் சாமான் கடையில் தூண்டில் நரம்பு ஒரு சுருள் வாங்குங்கள். பருத்தி நூல் காற்றில் ஆடும், தொய்யும். நரம்பு இழுத்தால் நேராக நிற்கும். சமதளத்தில், மொசைக் போட்ட போர்டிகோ இருந்தால் அருமை, வண்டியை முன்னால் உருட்டி நிறுத்துங்கள், ரிவர்ஸ் எடுத்து நிறுத்தக் கூடாது. ஸ்டியரிங் நேர். வண்டியின் இரண்டு பக்கமும் சக்கர மையத்தின் உயரத்தில் நரம்பைக் கட்டுங்கள், ஸ்டூலோ ஜாக் ஸ்டாண்டோ எதுவானாலும் சரி. இரண்டு நரம்புக்கும் நடுவிலுள்ள தூரம் முன்னாலும் பின்னாலும் ஒன்றாக இருக்க வேண்டும். முன் சக்கர மையத்திலிருந்து நரம்புக்கு இடமும் வலமும் சமம், பின் சக்கரத்திலும் இடமும் வலமும் சமம். முன்னும் பின்னும் ஒரே எண் வராது, இரண்டு அச்சின் அகலமும் வேறு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம். இதைச் சரிசெய்யத்தான் நேரம் பிடிக்கும், முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும். பிறகு இரும்பு ஸ்கேலால் முன் சக்கர ரிம்மின் முன் விளிம்பிலிருந்து நரம்புக்கும், பின் விளிம்பிலிருந்து நரம்புக்கும் அளவெடுங்கள். முன் அளவு பெரிதானால் டோ-இன், சிறிதானால் டோ-அவுட். 1 மி.மீ. என்பது ஏறக்குறைய 0.14 டிகிரி. ஆக உங்கள் இலக்கு இரண்டு சக்கரமும் சேர்த்து முக்கால் மில்லிக்குள். மெஷின் அளவுக்கு நுணுக்கம் வராதுதான், ஆனால் 3 மி.மீ. கோளாறு இதில் தப்பாது. மாதம் ஒரு தடவை பார்த்தால் டயர் போன பிறகு அழ வேண்டியதில்லை.

காற்று விஷயத்தில் சுருக்கமாக: இறக்கியதும் வண்டி முரடாகிவிட்டது என்று காற்றைக் குறைத்து ஓட்டுகிறீர்களானால் நிறுத்துங்கள், இரண்டு தோளும் தேயும். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான் சரி. டயர் முகத்தில் அங்கங்கே பள்ளம் பள்ளமாகக் குழிந்தால் அது அலைன்மென்ட் இல்லை, ஷாக் அப்சார்பர் செத்துவிட்டது. ஸ்பிரிங்கை வெட்டி இறக்கும் ஆட்களிடம் போகாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, நீங்கள் முறையான ஸ்பிரிங்தான் போட்டிருக்கிறீர்கள்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், கோபப்படாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி விவரத்துக்கும் மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. விபத்து என்று வந்தால் இன்ஷூரன்ஸ்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். கம்பி தெரியும் டயரோ, எதற்கும் வாதாட வழியில்லாத விஷயம். பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் கீழே போனாலே டயர் முடிந்தது. ஆகவே அந்த இரண்டையும் இன்றே கழற்றுங்கள், பின்னால் மாற்றிப் போட்டு ஓட்டலாம் என்ற எண்ணமும் வேண்டாம். மழையில் பின் டயர் வழுக்கினால் முன் டயர் வழுக்குவதைவிட ஆபத்து. புது டயரை அலைன்மென்ட் முடித்த பிறகு போடலாமா என்றால், இல்லை, புது டயரோடுதான் அலைன்மென்ட். சாய்வாகத் தேய்ந்த டயர் வண்டியை ஒரு பக்கம் இழுக்கும், இழுப்பு டயராலா செட்டிங்காலா என்று பிரித்தறிய முடியாது. ஆக வரிசை இப்படி: புஷ், ஜாயின்ட் சோதனை, இடது கேம்பரின் காரணம், புது டயர், அலைன்மென்ட், 500 கி.மீ. கழித்து நரம்பு கட்டி ஒரு சரிபார்ப்பு, பிறகு 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை டயர்களை இடம் மாற்றிப் போடும் ரொட்டேஷன்.

வருவதற்கு முன்னால் ஒரு வேலை. நம் கடற்கரை உப்புக்காற்றில் டை ராட் லாக் நட் துருவேறி, மரையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அலைன்மென்ட் ஆட்கள் அதோடு அரை மணி நேரம் போராடுவதற்குப் பதில் "இது இவ்வளவுதான் வரும்" என்று இருக்கிற எண்ணிலேயே விட்டுவிடுவதுண்டு. உங்கள் வண்டிக்கும் அப்படி நடந்திருக்கலாம். முந்தின நாள் இரவே இரண்டு பக்கத்து நட்டிலும் கம்பிப் பிரஷால் தேய்த்து, துரு நீக்கும் ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள், காலையில் இன்னொரு தடவை. பம்பர் தாழ்வாக இருப்பதால் ரேம்ப்பில் ஏற ஓரடி அகலத்தில் இரண்டு பலகையும் டிக்கியில் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பலகையைப் போன மாதம் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்.